மடுவின் அடியில் கண்டது

பாசமுள்ள அண்ணா,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. ஊர்ச் சேதியெல்லாம் மனசுக்குள் உன்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒகேனக்கலுக்குக் கீழே நாம் வலை போடும் ஆற்றுக் கீழ்மடுவில் வெடி போட்டுவிட்டார்கள், அண்ணா. கல்லுடைக்கிற இடத்து வெடிமருந்துத் தோட்டா. சத்தம் கேட்டு ஓடினேன். மடு முழுக்க மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. உலகச் சண்டைக்காலத்துப் பட்டினி வேறு; ஊரே இறங்கிக் கூடை கூடையாக அள்ளியது. எறிந்தவன் யார் தெரியுமா? நம் தம்பி முனியன்!

அதற்கப்புறம் வலையில் ஒன்றும் விழவில்லை. மேல்தண்ணீரில் கூட்டமாக ஓடும் கெண்டைகூட இல்லை. ஏன் என்று புரியாமல் மூழ்கிப் பார்த்தேன். ஐயோ, என்ன சொல்வேன்? நத்தைகள் ஓடு நொறுங்கிக் கிடந்தன. நண்டு இல்லை, இறால் இல்லை. பாசி பிடித்த கற்கள் புரண்டு சேற்றில் புதைந்திருந்தன. கெண்டை இறங்கி மேய்வது அந்தக் கற்களில்தானே? முட்டையிடுவது அந்தச் சரளையில்தானே? அடி செத்துப் போனால் மேலே எது தங்கும்?

போன வாரம் முனியன் இன்னும் வெடி படாத மேல்மடுவுக்கும் தோட்டாவோடு வந்தான். நான் கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்றுகொண்டேன்.

"வெளிய வாக்கா! உசுரு போயிரும்!"

"போவட்டும். எறிடா."

"வூட்ல புள்ளைங்க பசியில கத்துதுங்க. நா என்னாக்கா பண்றது?"

"இதையும் கொன்னுட்டு நாளைக்கி என்னத்தடா குடுப்ப? கீழ்மடுவுல போயி முங்கிப் பாரு. பாத்துட்டு வந்து எறி."

போனான். வெகுநேரம் கழித்து வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அடியில ஒண்ணுமே இல்லியேக்கா. வெறும் நத்த ஓடுதான் கெடக்குதுக்கா" என்றவன், தோட்டாவைக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தான். அவன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நேற்று ஆற்றின் மேல்பக்கம் எங்கேயோ மறுபடியும் வெடிச்சத்தம் கேட்டது. எறிந்தவர்கள் யாரோ. நம் கீழ்மடு எப்போது உயிர் பிடிக்கும், அண்ணா? பிடிக்குமா?

அது எனக்குத் தெரியாது. ஆனால் மேல்மடுவுக்கு எவன் தோட்டாவோடு வந்தாலும் தண்ணீருக்குள் இனி நான் தனியாக நிற்கமாட்டேன். முனியனும் நிற்பான். இது உனக்கு நாங்கள் தரும் வாக்கு.

உன் தங்கை,
முனியனின் அக்கா