மூன்று காரிலும் இடமிருந்தது

மில்லிக்கன், ஸ்காபரோ
27 ஏப்ரல் 2025

அன்பு மகள் நிரூபாவுக்கு,

நீயும் மருமகனும், நான் இன்னும் கையில் வாங்காத என் பேத்தியும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் சுகம். கால்கள் இரண்டும் நான் சொன்னபடி கேட்கின்றன, கண்ணும் தூரத்தில் வரும் பஸ்ஸின் இலக்கத்தைப் படிக்குமளவுக்கு இருக்கிறது. இந்த வீட்டில் உள்ள மற்றவர்களின் சுகத்தை நீ அவர்களிடமே கேட்டுக்கொள், நீதான் கிழமைக்கொருதரம் அவர்களோடு வீடியோவில் கதைக்கிறாயே.

செவ்வாய்க்கிழமை நீ ஃபோனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. நான் ஒரு வசனம் முடிக்கமுன் நீ மூன்று வசனம் சொல்லிவிடுவாய், கடிதத்தில் உனக்குக் குறுக்கே பேச ஏலாது, அதனால்தான் எழுதுகிறேன். “அண்ணாவின்ரை காரிலை ஏறி எயாப்போட்டுக்கு வாங்கோ, இல்லாட்டி நான் யூலையிலை பிள்ளையைக் கொண்டு வரமாட்டன்” என்றாய். இவ்வளவு நாள் கோபம் போதும் என்றாய். ஒஸ்லோவில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது சுலபம். உன் அண்ணன் அன்ட்ரூ உனக்கு அதை ஒரு சிரிப்புக் கதையாகச் சொல்லியிருப்பான், எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னான். நடந்ததை நான் எழுதுகிறேன், முழுதாக வாசி.

நவம்பரில் இக்னேசியஸ் பெரியப்பாவை அடக்கம் செய்த அன்று நம் பக்கத்திலிருந்து சேமக்காலைக்கு மூன்று கார் போனது. பெட்டி தூக்கவேண்டும் என்று அன்ட்ரூ முன்னதாகவே தனியாகப் போனான், ஏழு பேர் இருக்கக்கூடிய அந்தப் பெரிய வாகனத்தில். சாப்பாட்டுக்குப் பிறகு வேலைக்குப் போகவேண்டும் என்று அவன் மனைவி, உன் மச்சாள் றஜிதா, தன் காரில் வந்தாள், முன் சீற்றில் நான், பின் சீற்றில் மலர்வளையம். என் தங்கையின் மகன் மரியோ அடுத்த தெருவில்தான் இருக்கிறான், அவனும் தன் காரில் தனியே வந்தான், மற்றவர்களின் வாகனத்தில் ஏறினால் அவனுக்குத் தலை சுற்றுமாம். சுவாமியார் செபம் முடித்ததும் நான் அடுத்த வரிசையில் இருக்கும் உன் அப்பாவின் கல்லறைக்குப் போனேன். ஈர இலைகள் ஒட்டி அவருடைய பெயரை மூடிக் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் குழி மூடுகிற இயந்திரமும் அதை ஓட்டுகிறவனும் மட்டும் நிற்கிறார்கள். மூன்று காரும் இல்லை. என் கைப்பையும் ஃபோனும் றஜிதாவின் காரோடு போய்விட்டன.

நின்றேன். யாராவது திரும்பி வருவார்கள் என்றுதானே நினைப்போம். மழை தொடங்கியது. இயந்திரக்காரனிடம் உதவி கேட்க எனக்கு இங்கிலிஷ் இருந்தது, வாய் வரவில்லை. என் பிள்ளைகள் என்னை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஒரு அந்நியனுக்கு எப்படிச் சொல்வது. அவனும் போனபிறகு வாசலால் வெளியே வந்து நடந்தேன். அந்த வீதியை நீயும் கண்டிருக்கிறாய், கார்க் கண்ணாடிக்குள்ளால் கண்டிருக்கிறாய். அங்கே நடைபாதை கிடையாது. சேறும், மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கானும், அதற்குப் பக்கத்தில் பறக்கிற வாகனங்களும்தான். ஒவ்வொரு வாகனமும் ஒரு வாளி தண்ணீரை என் சீலையில் எற்றிவிட்டுப் போனது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு தலைதான் இருந்தது. வெறும் இருக்கைகளை ஊர்வலமாகக் கொண்டுபோவது போல இருந்தது எனக்கு. கடைசியில் ஒரு பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றது. தரிப்பு இன்னும் தூரம், ஆனாலும் ரைவர் நிறுத்திக் கதவைத் திறந்தார், தலைப்பாகை கட்டிய மனிதர். அட்டை இல்லை, காசும் இல்லை என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, சூடு வருகிற பக்கத்து இருக்கையைக் கையால் காட்டினார். அந்த மனிதருக்கு நான் யார்?

அடக்கச் சாப்பாடு வைத்த மண்டபத்துக்குள் நான் போனபோது சனம் சாப்பிட்டு முடித்துக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தது. என்னைத் தேடியிருந்தால் மன்னித்திருப்பேன். ஒருவரும் தேடவில்லை. அன்ட்ரூ நிமிர்ந்து பார்த்து “எங்கையம்மா போனனீங்கள், சோறு ஆறப்போகுது” என்றான். நான் எங்கேயிருந்து வருகிறேன் என்று நினைக்கிறாய் என்று கேட்டபிறகுதான் ஆளை ஆள் பார்த்தார்கள். அவன் நான் றஜிதாவோடு வந்துவிட்டேன் என்று நினைத்தானாம். றஜிதா மரியோவைப் பார்த்து “மாமி உங்களோடையெல்லோ வந்தவ?” என்கிறாள். மரியோ என்ன சொன்னான் தெரியுமா? “மூண்டு கார் இருந்தும் பெரியம்மா பஸ்ஸிலை. நாலாவது ஒண்டு எடுக்கத்தான் வேணும் போலை!” எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணனும் சிரித்தான். என் சீலையிலிருந்து தண்ணீர் நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மறதி எவருக்கும் வரும் மகள், அதற்குத் தண்டனை இல்லை. அந்தச் சிரிப்புக்கு உண்டு.

அங்கேயே சொன்னேன், இந்த மூவரின் காரிலும் இனி என் கால் படாது என்று. இரண்டு நாளில் ஆறிவிடுவேன் என்று நினைத்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், தையல் தொழிற்சாலையில் சட்டைகளின் பெயர்ப்பட்டியைப் பார்த்து இங்கிலிஷ் எழுத்துக் கூட்டியவள், எனக்குப் பஸ் வரைபடம் என்ன பெரிய வேதசாத்திரமா. நூலகத்தில் இருந்து படித்தேன். கோயிலுக்கு, வைத்தியரிடம், மரக்கறிக் கடைக்கு எல்லாம் பஸ்ஸில் போகத் தொடங்கினேன். நம் சனத்தை உனக்குத் தெரியும். பஸ் தரிப்பில் ஒரு தமிழ்ப் பெண் குளிரில் நின்றால் மூன்றாவது கார் நின்றுவிடும். “அன்ரி, ஏறுங்கோ, ஏன் உந்தக் குளிருக்கை நிக்கிறியள், அன்ட்ரூ அண்ணை எங்கை?” என்பார்கள். ஏறமாட்டேன். ஆனால் அன்ட்ரூ அண்ணை எங்கே என்று கேட்டதற்குச் சேமக்காலையிலிருந்து தொடங்கி முழுவதையும் சொல்வேன், விளக்குப் பச்சையாகிப் பின்னால் நிற்பவன் கத்தும்வரை சொல்வேன். பாலன் பிறந்த நத்தார் பூசை முடிந்து கோயில் வாசலில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேளாதவர்களுக்கும் சொன்னேன். தை மாதம் ஒருநாள் ஸ்ரீல்ஸ் வீதியில் நடந்து போகிறேன், அன்ட்ரூ கண்ணாடியை இறக்கிவிட்டு என் பக்கத்தில் ஊர்ந்து ஊர்ந்து வருகிறான். “அம்மா, சனம் பாக்குது, ஏறுங்கோ” என்றான். பார்க்கட்டும் என்றேன். “பின்னாலை ஹோர்ன் அடிக்கிறாங்கள் அம்மா” என்றான். “உனக்குத்தானே அடிக்கிறாங்கள், எனக்கில்லையே” என்று சொல்லிவிட்டு வழக்கத்தைவிட மெதுவாக நடந்தேன்.

பழிக்காகத்தான் பஸ் ஏறினேன், அதை நான் ஒளிக்கவில்லை. ஏறியபிறகு இந்த வீடு எப்படி வாழ்கிறது என்பதும் வெளியிலிருந்து தெரிந்தது. உன் அண்ணன் நடப்பதற்காகக் காரில் ஏறிப் போய், உடற்பயிற்சிக் கூடத்தில் மின்சாரத்தில் ஓடுகிற வார்மேல் நடந்துவிட்டு, காரில் திரும்பி வருகிறான். றஜிதா மேலே சீப்பால் தலை இழுக்கும்போதே கீழே அவளுடைய கார் ஆளில்லாமல் உறுமிச் சூடேறுகிறது. ஒரு கோப்பிக்குக் காருக்குள்ளேயே வரிசையில் இருந்துகொண்டு, பெற்றோல் விலை, ரோட்டு வேலை, பனி என்று குறை சொல்கிறார்கள். யுத்த நேரம் ஊருக்குப் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலை மருந்து போல ஊற்றி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை இருமவைத்து, காய்ச்சலோடு கிடந்த இதே அன்ட்ரூவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் உன் அப்பா. அவனுக்கு அது ஞாபகமில்லை. விடிய வருகிற பஸ்ஸில் யார் வருகிறார்கள் தெரியுமா, வயதானவர்களைக் குளிப்பாட்டப் போகிற பெண்களும் இரவு முழுக்கக் கட்டடம் துடைத்துவிட்டு நின்றபடியே தூங்குகிற ஆண்களும். இறங்கும்போது ரைவருக்கு நன்றி சொல்லாமல் ஒருவரும் இறங்குவதில்லை. நம் வீட்டில் காரால் இறங்கி யார் யாருக்கு நன்றி சொன்னார்கள்? மருமகன் இரண்டாவது கார் பார்க்கிறாராம், றஜிதா சொன்னாள். வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். பேத்தியை ட்ராமில் கொண்டு திரி, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து வளரட்டும்.

தவக்காலம் தொடங்கியபோது அன்ட்ரூ இறைச்சியை விட்டிருக்கிறேன் என்றான். இறைச்சி உனக்கு என்ன செய்தது, காரை விடு பார்ப்போம் என்றேன். “நாங்கள் என்ன செய்தால் நீங்கள் ஏறுவியள், அதைச் சொல்லுங்கோ” என்று கேட்டான். சொன்னேன். மூன்று பேரும், ஒவ்வொருவராக, ஃபோனும் காசும் இல்லாமல், சேமக்காலை வாசலிலிருந்து நான் வந்த வழியால் வரவேண்டும், எந்த நாள் என்று நான்தான் பார்த்துச் சொல்வேன், வெயில் நாளாக இராது என்றேன். “மாமி, இது பழிவாங்கல்” என்றாள் றஜிதா. “ஓம், பழிவாங்கல்தான், வேறை என்னெண்டு நினைச்சீர்?” என்றேன். மார்ச்சில் மழையும் பனியும் கலந்து கொட்டிய ஒரு சனிக்கிழமை அன்ட்ரூவைப் போகச் சொன்னேன். மரியோ கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு வந்தான். உன் அண்ணனுக்காக எந்த பஸ்ஸும் நிற்கவில்லை, மண்டபத்தையும் தாண்டி வீடு வரை நடந்தே வந்தான். நான் சமைத்து வைத்துவிட்டு யன்னலடியில் இருந்தேன். முழங்கால் வரை சேறு. சப்பாத்தைக் கழற்றாமல் படியிலேயே இருந்துவிட்டான். பிறகு “அங்கை நடக்கிறதுக்கு வழியே இல்லையம்மா” என்றான், நாலு மாதமாக நான் சொன்னதைத் தானே கண்டுபிடித்தவன் போல. “ஒரு லொறி மயிரிழையிலை விட்டுட்டுப் போகுது. நீங்கள் எப்பிடியம்மா வந்தனீங்கள்?” என்று கேட்டு அழுதான். நான் அழவில்லை. சோறு ஆறப்போகுது, சாப்பிடு என்றேன். மண்டபத்தில் அவன் தந்த சொல்லைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது அவன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டு வேலைக்குப் பாதித் தூரம் நடக்கிறான். அந்த வீதிக்கு நடைபாதை கேட்டு நகரசபைக்கு ஃபோன் எடுக்கிறான், வரிசையில் காக்கவைக்கிறார்கள் என்று கோபப்படுகிறான். காத்திரு என்றேன். அவனை நான் மெச்சவில்லை, நீயும் மெச்சாதே, கெட்டுப்போவான்.

இனி உன் கேள்வி. அன்ட்ரூ நடந்தது போதாதா என்பாய். மறந்தது மூன்று கார். றஜிதாவும் மரியோவும் இந்தக் கிழமையே நடக்கத் தயாராம், வெளியே மரம் பூத்துக் கிடக்கிறது. வெயிலில் நடந்தால் அது உலாத்தல். நவம்பர் வரட்டும். ஆகவே யூலையில் நான் அன்ட்ரூவின் காரிலும் ஏறமாட்டேன், வேறு எவர் காரிலும் ஏறமாட்டேன். பேத்தியைக் காட்டி என்னைப் பயமுறுத்தாதே. உன் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது, ஆனால் எனக்கு அதில் உன்னைவிடப் பழக்கம் அதிகம்.

போன கிழமை நான் விமான நிலையத்துக்குப் போய்வந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு பஸ்ஸும் நிலக்கீழ் ரயிலும். பயணிகள் வெளியே வருகிற கதவடியில் பூவும் பலூனும் பிடித்து நிற்பவர்களுக்கு நடுவில் நானும் நின்றேன். எந்த ஊர் விமானமோ தெரியாது, ஒரு பெண் கைப்பிள்ளையோடு வந்தாள், அவளுடைய தாய் ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கினாள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். எந்தப் பக்கம் லிஃப்ற் இருக்கிறது, பஸ்ஸில் பிள்ளை வண்டில் எங்கே நிற்கும், நீ பால் கொடுக்க எங்கே இருக்கலாம் எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். நீ எந்த நாளில் வந்தாலும் அந்தக் கதவடியில் நிற்பேன். அன்ட்ரூவும் தன் வாகனத்தோடு வருவான், வரட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. யாரோடு வீட்டுக்கு வருகிறாய் என்பதை நீ அங்கே வைத்துத் தீர்மானி.

மாதா உன்னையும் பிள்ளையையும் மருமகனையும் தன் சேலைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிற உடம்பு. பஸ்ஸுக்குள் குளிரூட்டி கடுமை, பிள்ளைக்குத் தொப்பி கொண்டுவா. பெட்டி ஒன்றுக்கு மேல் கொண்டுவராதே, ஒரு கையால் அதை நான் இழுப்பேன், மற்றக் கை பிள்ளைக்கு வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
பேர்ணடெற் அன்புராசா