புத்தகத்தின் மேல் வைத்த கை

நாந்துக்கெட் தீவு, மூன்றாம் மாதம் 9, 1778

காலையிலிருந்து ஒரே காற்று. விறகு தீர்ந்துவிட்டது. எங்களை இங்கிலாந்தின் ஆட்கள் என்று சொல்லி, ராஜாவை எதிர்த்துக் கிளம்பியிருக்கும் பாஸ்டன்காரர்கள் மாவு அனுப்ப விடுவதில்லை. கலகக்காரர்கள் என்று சொல்லி இங்கிலாந்துக்காரர்கள் எங்கள் கப்பல்களைப் பிடிக்கிறார்கள். நாங்கள் நண்பர்கள் சபையார், உலகத்தார் குவேக்கர் என்பார்கள்; ஆயுதம் எடுக்க மாட்டோம், யார் பக்கமும் இல்லை என்றால் இருவருக்கும் கோபம் வருகிறது. நல்ல கூத்து!

சபையின் பெண்கள் கூட்டக் குறிப்பேட்டை எழுதி முடித்தேன். பதினொரு வருஷமாக நான்தான் எழுத்தர்.

பெதியா சாப்பிடவில்லை. எனக்கு இருப்பது இந்த ஒரு மகள். அவள் புருஷன் ஷுபேல் திமிங்கில வேட்டைக்குப் போன கப்பலோடு பிடிபட்டு நாலு மாதம் ஆகிறது. நியூபோர்ட்டில், இங்கிலாந்துக்காரர்களின் கைதிக் கப்பலில் கிடக்கிறான்.

"அங்க தினம் ரெண்டு மூணு பேர் சாகறாங்களாம், அம்மா."

சோளரொட்டியை அவள் பக்கம் தள்ளினேன்.

ஐந்தாம் மாதம் 16

அடுத்த வீட்டு மெஹிட்டபெல் மூச்சிரைக்க வந்தாள். "பிரெஞ்சு ராஜாவும் பாஸ்டன்காரங்களோட சேர்ந்துட்டானாம், டாமரிஸ்! இனிமே சட்டுனு முடிஞ்சிடும்."

முடியுமா? வரிக்காக ஆரம்பித்த வீட்டுச் சண்டை இது. அதில் பக்கத்து வீட்டுக்காரனும் கம்பெடுத்துக்கொண்டு வந்தால் எப்படி முடியும்?

ஏழாம் மாதம் 28

பெதியாவின் கடிதம். மீன் படகில் நியூபோர்ட் போனவள் அங்கேயிருந்து எழுதியிருக்கிறாள். மேலே 'ஜூலை 24' என்று தேதி! செத்துப்போன ரோம ராஜாவின் பெயரை மாதத்துக்கு வைப்பது உலகத்தார் வழக்கம். எங்களுக்கு அது ஏழாம் மாதம். அங்கே நாலு நாள் இருப்பதற்குள் இவளுக்கு ஜூலை வந்துவிட்டது.

ஆனால் கடிதத்தில் இருப்பது அதைவிடப் பெரிது. ஷுபேல் ராஜாவுக்கு எதிராக ஆயுதம் எடுக்க மாட்டான் என்று உறவில் ஒருவர் சத்தியம் செய்தால் விடுவார்களாம். 'ஆம், எடுக்க மாட்டான் என்று மட்டும் சொன்னேன். போதாது என்றார்கள். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, முத்தமிட்டு, சத்தியம் செய்துவிட்டேன். நாளை விடுகிறார்கள்.'

சத்தியம்! நாங்கள் ஆம் என்றால் ஆம். சத்தியம் செய்கிறவன், மற்ற நேரத்தில் பொய் சொல்வேன் என்றுதானே ஒப்புக்கொள்கிறான்? இதைப் பாவாடை பிடித்து நடந்த வயதிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஷுபேல் வருகிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

எட்டாம் மாதம் 19

தனியாக வந்தாள்.

ஷுபேலை விட்டிருக்கிறார்கள். ஊர் திரும்பப் படகுக்காக இரண்டு பேரும் காத்திருந்தபோது பிரெஞ்சுக் கப்பல்கள் துறைமுக வாயிலில் வந்து நின்றனவாம். இங்கிலாந்துக் கப்பல்களுக்கு ஆள் போதவில்லை. தெருவில் போனவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"விடுதலைக் காகிதத்தக் காட்டினேன், அம்மா. 'ராஜாவுக்கு எதிரா சண்டை போட மாட்டான்னுதானே சத்தியம் பண்ணே? ராஜாவுக்காகப் போட மாட்டான்னு இல்லையே'ன்னு சிரிக்கறான் அந்த அதிகாரி. 'அது கலகம், இது பிரெஞ்சுக்காரனோட யுத்தம், இது வேற'ங்கறான்."

எங்கள் ஷுபேலுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் என்னடா பகை, பாவிகளா!

ஒன்பதாம் மாதம் 12

சத்தியம் செய்த விஷயம் சபைக்குத் தெரிந்துவிட்டது. விசாரிக்க மெஹிட்டபெலை அனுப்பினார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடு, பெதியா. 'செஞ்சது தப்பு, வருந்தறேன்'னு. அதோட முடிஞ்சுது."

"எனக்கு வருத்தமில்லையே. இல்லாத வருத்தத்த இருக்குன்னு எழுதினா அது பொய்யில்லையா?"

இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். மெஹிட்டபெல் என்னைத்தான் பார்த்தாள்.

பதினொன்றாம் மாதம் 30

சபைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். 'பெதியா இனி நண்பர்கள் சபைக்கு உரியவள் அல்ல.'

"நான் வேணா எழுதட்டுமா?" என்றாள் மெஹிட்டபெல். வேண்டாம் என்றேன். ஏன்? கடமையா, திமிரா? தெரியவில்லை.

சாயங்காலம் பெதியா கேட்டாள். "உன் கையெழுத்துலயா, அம்மா?"

"ஆமா."

"அழகா இருந்திருக்கும்."

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பத்தாம் மாதம் 4, 1779

பத்து மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே மேஜையில் சாப்பிடுவதில்லை. ஸ்பெயின் ராஜாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டானாம். இன்னும் யார் பாக்கி?

இன்று ஷுபேலின் கடிதம் வந்தது. உயிரோடு இருக்கிறான்!

அவனை ஏற்றிப்போன கப்பலைச் சர்க்கரைத் தீவுகளின் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். இப்போது அங்கே மார்த்தினிக் தீவில் பிரெஞ்சுச் சிறையில் இருக்கிறான். 'இங்கே நான் இங்கிலாந்துக்காரன். நான் உங்கள் கூட்டாளி நாட்டான் என்றால் சிரிக்கிறார்கள். காய்ச்சல் விடவில்லை. அடுத்த கோடைக்குள் வராவிட்டால் என்னை எதிர்பார்க்க வேண்டாம்.'

கடிதம் கொண்டுவந்த மாலுமி பாஸ்டனில் விசாரித்திருக்கிறான். ஷுபேலை விடுவிக்க, அவன் இங்கிலாந்துக்காரன் அல்ல, இந்தத் தீவில் பிறந்தவன் என்று குடும்பத்தார் ஒருவர் நீதிபதி முன் சொல்லி முத்திரையிட்ட காகிதம் வேண்டும். பாஸ்டன் நீதிபதிக்கு எங்கள் 'ஆம்' போதும். பிரெஞ்சுக்காரனுக்குப் போதாதாம். புத்தகத்தின் மேல் கை வைத்தே ஆக வேண்டும்.

"ஏற்கெனவே ராஜாவுக்கு சத்தியம் பண்ணினவ நான். என் சத்தியம் அங்க செல்லாது," என்றாள் பெதியா. ஷுபேலுக்கு எங்களை விட்டால் வேறு உறவு யாரும் இல்லை. "அம்மா, நீ..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

கேட்டிருந்தால் திட்டியாவது இருக்கலாம். கேட்கவே இல்லையே.

பதினொன்றாம் மாதம் 22

இன்று பாஸ்டனுக்கு ஒரு படகு போனது. துறையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒன்றாம் மாதம் 17, 1780

துறைமுகம் முழுக்க உறைந்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் பனிக்கட்டி. எந்தப் படகும் போகாது, வராது. போவதா வேண்டாமா என்று இன்று முடிவு செய்ய வேண்டியதில்லை. அதில் ஒரு நிம்மதி.

சீ, நானும் ஒரு தாயா?

இரண்டாம் மாதம் 2

பனி. சோளம் எட்டுப் படி. பெதியா ஜன்னலிலேயே இருக்கிறாள்.

மூன்றாம் மாதம் 21

தண்ணீர் தெரிகிறது.

குறிப்பேட்டையும் மைக்கூட்டையும் மெஹிட்டபெல் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"பாஸ்டனுக்கா? ஆம்னு மட்டும் சொல்லிட்டு வந்துடேன்."

"போதாதாம்."

"அப்புறம் உன் வீட்டுக்கு விசாரிக்க நான்தான் வரணும், டாமரிஸ்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வா. சிப்பிச் சாறு வைக்கறேன்."

பாஸ்டன், ஏப்ரல் 3, 1780

ஆமாம், ஏப்ரல். காகிதத்தில் குமாஸ்தா அப்படித்தான் எழுதினான், அதற்குக் கீழேதான் நான் கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்குறிப்பில் மட்டும் நாலாம் மாதம் என்று எழுதி யாரை ஏமாற்ற?

நீதிபதி நல்ல மனிதன். "நீங்க நண்பர்கள் சபையாச்சே, அம்மா. நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"நீ புத்தகத்த எடு," என்றேன். எங்கள் சபையில் யாரையும் 'நீ' என்றுதான் அழைப்போம். குமாஸ்தா விழித்தான்.

தோல் அட்டை, ஜில்லென்று இருந்தது. முத்தமிட்டேன். காகிதம் வியாழக்கிழமைக் கப்பலில் போகிறது. வழியில் இங்கிலாந்துக்காரன் பிடிக்காமல் இருக்க வேண்டும். காய்ச்சல் அதுவரை பொறுக்க வேண்டும்.

சத்திரத்தில், கூட வந்திருந்த பெதியா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தாள்.

"வருத்தமா இருக்கா, அம்மா?"

"அத மெஹிட்டபெல் கேப்பா. அவகிட்ட சொல்லிக்கறேன்."

என்னைச் சபையிலிருந்து விலக்கும் தாளின் வாசகம், பாவம், மெஹிட்டபெலுக்குச் சரியாக வராது. நானே எழுதி, என் பெயரையும் போட்டு, பையில் வைத்திருக்கிறேன். தேதியை மட்டும் அவள் போட்டுக்கொள்ளட்டும்.