வாசல் சிமெண்டுக்குள் கிடந்த பைப்பு

தம்பி,

இன்றைக்குக் காலையில் வாசலை உடைத்தார்கள். தெருவுக்குப் புதுசாகத் தண்ணீர்க் குழாய் வருகிறதாம். நம் வீட்டு வாசல் வழியாகத்தான் போயாக வேண்டுமாம். எங்கே உடைக்கிறான், எவ்வளவு ஆழம் போகிறான் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். வடக்கு மூலைக்கு வந்தபோது கடப்பாரை ணங்கென்றது. கரியும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை மேலே வந்தது. நீ உன் கையால் அந்தக் குழியை நிரப்பின அன்றைக்கு அடித்த அதே வாசனை.

"இன்னா பாட்டி, இங்க ஒரு பைப்பு அறுபட்டுக் கெடக்குது?" என்று அந்த ஆள் கேட்டான்.

உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். அஞ்சாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. "அதான் யக்கா உன் வியாதி" என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

எண்பத்தொன்பதில் என் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். நீ லைன்மேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் கம்பி அறுந்துவிட்டது என்று விடியும்போதே போய்விட்டாய். நல்ல நேரம் போகிறது, ஆசாரி அவசரப்படுத்துகிறார், பந்தலில் எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். கடைசியில் என் நாத்தனார் புருஷன் மடியில் வைத்துக் குத்தினோம். மத்தியானம் சேறு பிடித்த சட்டையோடு, கையில் சீர்த்தட்டோடு வந்து நின்றாய். "கம்பி ரோட்டுல கெடந்துச்சு யக்கா. சனம் நடக்கற வழி. விட்டுட்டு வர முடியல." நான் தட்டை வாங்கவில்லை. அந்தக் கோபத்தை வருஷம் வருஷமாக வைத்திருந்தேன். காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

வீடு கட்டினபோது ஒயரிங் எல்லாம் நீதான் செய்தாய். வாசல் மூலையில் ஆழமாகக் குழி எடுத்து, இரும்புப் பைப்பை நிறுத்தி, செம்புக் கம்பியை அதில் முறுக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினாய். பைப்பின் வாய் ஒரு சாண் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. "இதான் எர்த்து. கரண்டு தப்பி வெளிய வந்தா மனுசன் மேல ஏறாம மண்ணுக்குள்ள ஓடறதுக்கு வழி. வெயில் காலத்துல வெள்ளிக்கிழமைக்கு ஒரு குடம் தண்ணி ஊத்து. தாகம் எடுக்கற சாமி இது" என்றாய்.

பிறகு மழையில் கம்பத்திலிருந்து விழுந்து, உன் வலது கால் செத்துப்போனது. கல்யாணமும் செய்துகொள்ளாதவன், அடி அண்ணாமலையில் இருக்கிற என் வீட்டுக்கே வந்து சேர்ந்தாய். அப்போது நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் இட்லி போட்டுக்கொண்டிருந்தேன். மலை சுற்றுகிற சனம் வெறுங்காலோடு வரும். ஒரு அம்மாவுக்கு அந்தப் பைப்பில் இடித்துக் கட்டைவிரல் நகமே பெயர்ந்துவிட்டது. "வாசல்ல முள்ளு நட்டு வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனாள். எனக்கு அவமானம். வாசல் முழுக்கச் சிமெண்டு போடுகிறேன் என்றேன்.

"போட்டுக்கோ. பைப்ப மட்டும் தொடாத. சுத்தி சின்னதா ஒரு தொட்டி கட்டச் சொல்லு."

நீ காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன நாளாகப் பார்த்துக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். தொட்டி கட்டச் சொல்லவில்லை. "தரைக்குக் கீழ அறுத்துடுப்பா" என்றேன். அறுக்கும்போது செம்புக் கம்பியும் பிய்ந்து வந்தது. அவன் அதைச் சுருட்டி மண்ணுக்குள் சொருகி, மேலே பூசிவிட்டான். சுவர்ப் பக்கம் பார்த்தால் கம்பி ஒழுங்காகத் தரைக்குள் இறங்குகிற மாதிரியேதான் தெரியும். நீ வந்து, "பைப்பு எங்க யக்கா?" என்றாய். "உள்ள அப்படியே இருக்குது. வாய் மட்டும் மூடியிருக்கு" என்றேன்.

அடுத்த வருஷம் உனக்கு அந்த ஆசை வந்தது. வேங்கிக்காலில் ஏதோ கடையில் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் அதே பேச்சு.

"அம்பது தாண்டினவனுக்கு இன்னாடா விளையாட்டு?"

"பெடல் மிதிக்க முடியாத காலு யக்கா. அதுல விரல்தான் ஓட்டுது."

"கம்பத்துல இருந்து விழுந்தது போதாதா? இப்ப காரை வேற மலையில இருந்து உருட்டணுமா?"

"உருண்டா அது திரும்ப எழுந்து நிக்குது. நான் நின்னேனா?"

காலண்டர் தாளைக் கிழித்து நானே உன் கையில் கொடுத்தேன்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சாமான் பட்டியல் எழுதினாய். முழு கம்ப்யூட்டராக வாங்கினால் கட்டுப்படியாகாது, தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்று. எழுதுவாய், அடிப்பாய், திரும்ப எழுதுவாய். எனக்குப் புரியவேண்டும் என்று என் இட்லிக் கடையை வைத்தே சொல்லிக்கொடுத்தாய். மதர்போர்டு என்றால் அடுப்பு மேடை. பிராசசர் அடுப்பு. ராம் என்றால் மாவுக் குண்டான், சின்னதாக இருந்தால் நொடிக்கொரு தரம் உள்ளே எழுந்து போக வேண்டும். "கிராபிக்ஸ் கார்டு?" என்று கேட்டேன். "அது பரிமாறறவ யக்கா. அவ மந்தமா இருந்தா இட்லி எவ்ளோ நல்லா இருந்தாலும் கூட்டம் போயிடும்." சிரித்தேன். உன்னோடு அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது. அந்த நாலைந்து நாளை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. அவ்வளவு நன்றாக இருந்தோம்.

டவுனுக்கு ஆட்டோவில் போனோம். கடைக்காரர் நல்ல மனுஷன், பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியாக, எல்லாவற்றுக்கும் கரண்டு பிரித்துக் கொடுக்கிற டப்பா, இரண்டு வகை. நீ இரண்டு கையிலும் ஒவ்வொன்றைத் தூக்கிப் பார்த்தாய்.

"இது கனம். உள்ள செம்பும் இரும்பும் இருக்குது. இது வெறும் தகரம்."

"நீங்களே சொல்லிட்டீங்கண்ணே. கனமானதையே எடுத்துக்கோங்க. கிராபிக்ஸ் கார்டு கொஞ்ச நாள் கழிச்சுப் போட்டுக்கலாம். ரெண்டும்னா ஜாஸ்தி ஆயிடும், உங்க கையில இருக்கறதுக்கு வராது."

பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரில் கார் ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்கிற ரோடு, தண்ணீர் கண்ணாடியில் தெறிக்கிறது. நீ அதையே பார்த்தாய். பிறகு, "எர்த்து ஒழுங்கா இருந்தா லேசு டப்பாவே போதும். டப்பா போனாலும் கரண்டு மண்ணுக்குப் போயிடும், ஃபியூஸ் அடிச்சுக்கும், மனுசனுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "யக்கா, அந்தப் பைப்பு அப்படியேதான இருக்குது?"

கடைக்காரரும் என்னைப் பார்த்தார். அறுத்துவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னால் நீ ஜெயித்துவிடுவாய். வேற்று மனுஷன் எதிரில் "நான்தான் சொன்னேனே" என்பாய். காது குத்துக்கு வராதவன் என்னை ஜெயிப்பதா என்று உள்ளே ஒன்று எழுந்தது.

"இல்லாம எங்கடா ஓடிப் போவும்?" என்றேன்.

லேசான டப்பாவை எடுத்துக்கொண்டாய்.

பூட்டின முதல் நாளே, கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று எறும்பு கடிக்கிற மாதிரி இருந்தது. எர்த்து காய்ந்திருக்கிறது என்றாய். ஆளைக் கூப்பிட்டுச் சிமெண்டில் ஒரு ஓட்டை போடவைத்தாய், நான் காட்டின இடத்தில். வெள்ளிக்கிழமைதோறும் புனல் வைத்து உப்புத் தண்ணீர் ஊற்றினாய். உன்னால் குடம் தூக்க முடியாது. தூக்கிவந்து கொடுத்தது நான். எதையும் போய்ச் சேராத தண்ணீரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றினோம். "இப்ப கொஞ்சம் கம்மியா இருக்குது இல்ல யக்கா?" என்று கேட்பாய். ஆமாம் என்பேன். ஊரில் யார் வீட்டிலும் பல்பு வைத்துச் சோதிக்காமல் எர்த்து இருக்கிறது என்று நீ சொன்னதில்லை. என் வீட்டில் மட்டும் சோதிக்கவில்லை. அக்கா சொன்னால் போதும் உனக்கு.

ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு விளையாடினாய். எனக்கும் சொல்லிக்கொடுத்தாய்: "எதையும் உள்ளங்கையால தொடாத. கரண்டு இருந்தா விரல் மடங்கிப் புடிச்சுக்கும், விடாது. புறங்கையால தொடு. அடிச்சா கையே விலகிடும். எவனாவது மாட்டிக்கிட்டு இருந்தா ஓடிப்போய்ப் புடிக்காத, மொதல்ல மெயினை நிறுத்து." வீட்டில் எல்லாருக்கும் அந்தச் சுர்ர் பழகிவிட்டது. பழகினதுதான் கெட்டது.

கார்த்திகை மாசம். மூணு நாளாக மழை, தரையெல்லாம் ஊறிக் கிடந்தது. காலையில் குளித்துவிட்டு, துண்டோடு போய் உட்கார்ந்தாய். செருப்பு குளியலறை வாசலிலேயே கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். எடுத்துப் போய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன், கையில் மாவு. உள்ளே கார் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எப்போதும் ஏறி இறங்கி, திரும்பி ஓடுகிற சத்தம். அன்றைக்கு அது ஓடவில்லை. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் உறுமியது. "இன்னாடா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தேன்.

உன் கை அந்தத் தகரப் பெட்டியின் மேல் இருந்தது.

நான் ஓடிவந்து பிடிக்கவில்லை. நீ சொன்னபடியே திரும்பிப் போய் மெயினை நிறுத்தினேன். உறுமல் நின்றது. பிறகுதான் உன்னிடம் வந்தேன்.

டப்பாவுக்குள் கருகி, தகரப் பெட்டியில் கரண்டு ஏறிவிட்டது என்றார்கள். எல்லாரும் டப்பாவைத்தான் சொன்னார்கள். நானும் காரியம் முடிந்த மறுநாள் அந்தக் கடை வாசலில் போய் நின்று, மண்ணை வாரித் தூற்றினேன். கனமானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கடைப் பக்கம் இத்தனை வருஷமாக என் மகளும் போவதில்லை. நான் சொல்லிவைத்த பகை அது.

இன்றைக்கு மத்தியானம், இதைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது, மகள் வந்தாள். குழிக்குள் கிடந்த பைப்பையும் பச்சை பூத்த கம்பியையும் பார்த்துவிட்டு, "மாமா போட்டதுதானே இது? யாரு அறுத்தது?" என்றாள். "நான்தான் அறுக்கச் சொன்னேன். கடையில மாமா கேட்டப்ப இருக்குதுன்னு சொன்னதும் நான்தான்" என்றேன். எழுந்து உள்ளே போனவள்தான், இதை எழுதுகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. அவளும் என் வயிற்றில் பிறந்தவள். எத்தனை வருஷம் வைத்திருப்பாளோ தெரியாது. நாளைக்கு அந்தக் கடைக்குப் போகிறேன். அவர் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன்.

உன் பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. மிக்ஸி, கிரைண்டர், கோயில் வரிசையில் கட்டின இரும்புக் கம்பி, எதுவானாலும் புறங்கைதான் முதலில் போகிறது. பேத்திக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் புறங்கையைத்தான் வைக்கிறேன். அவள் சிரிக்கிறாள்.

அன்றைக்கு மெயினை நிறுத்தின பிறகும், இனி ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும், உன் கன்னத்தை நான் புறங்கையால்தான் தொட்டேன். அந்தச் சூடு இன்னும் புறங்கையிலேயே இருக்கிறது. உள்ளங்கைக்கு எதுவும் தெரியாது.