ஏழாம் வாய்ப்பாட்டு மெட்டு

என்னங்க, பாலக்கோடு பஸ்ஸுக்கு ஓடுகிறேன். களி சட்டியில் இருக்கிறது.

பூவிழிக்கு இடது மூளையா வலது மூளையா வேலை செய்கிறது என்று பார்க்க டியூஷன் சார் வருவார். காபி கொடுங்கள். அவர் என்ன சொன்னாலும், வாய்ப்பாட்டைப் பாடிப் படிக்கிறாள் என்று நேற்றுப் போல அவளை அடிக்காதீர்கள். பாடினால்தான் அவளுக்கு மண்டையில் ஏறுகிறது. நம் பெரியவன் குருவுக்கும் அப்படித்தானே.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அது குரு போட்ட மெட்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு வந்ததும் அவனைப் போலவே இழுக்கிறாள். இவள் பிறக்கும் முன்பே அவனைப் பறிகொடுத்துவிட்டோமே!

"யாருடி சொல்லிக்குடுத்தது?" என்றேன். "யாருமில்லம்மா, தானா வருது" என்கிறாள்.

யுவராணி

பி.கு.: நான் சொல்லித்தரவில்லை. நீங்கள் சொல்லித்தந்திருந்தால் சாயங்காலம் சொல்லுங்கள். இல்லையென்றால் எனக்குச் சொல்லவே வேண்டாம்.