ஒரு தரம்தான் போடுவார்கள்

2008 பெப்ரவரி 2, சனி

கொட்டாஞ்சேனையின் ஆங்கிலப் பேரரசன், கப்பல் கம்பனிக் கந்தோரில் கிளாக்கராக ஆயுள் முழுக்கக் கடிதம் எழுதிய ஒஸ்வால்ட் ஆகிய நான், ஆங்கிலப் பரீட்சையின் லிஸனிங்கில், அதாவது கேட்டுப் பதில் எழுதும் பகுதியில், ஒன்பதுக்கு நாலரை எடுத்திருக்கிறேன். கனடாவுக்கு விண்ணப்பிக்க ஆறு வேண்டும்.

தோல்வியின் காரணம் தெரியும். கந்தோரில் பெரியவர் சொல்லச் சொல்ல ஒரு கமா விடாமல் எழுதிப் பழகிய கை இது. பரீட்சைக் கசெற்றில் வெள்ளைக்காரி "குட் மோர்னிங்" என்றாள். அதை அழகான எழுத்தில் எழுதி முடித்து நிமிர்ந்தேன். அதற்குள் அவள் கலியாணம் கட்டி, பேரப்பிள்ளை கண்டு, செத்தும் போய்விட்டாள். ஒரு தரம்தான் போடுவார்கள்.

என் மனைவி பிறிஜெற்றின் தம்பி றேமண்ட் ரொறன்ரோவிலிருந்து போனில் சிரித்தான். "அத்தான், உங்களுக்கு உது சரிவராது. பேசாம அக்காவ மட்டும் அனுப்பப் பாருங்கோ."

சரிவராதா? எனக்கா? மார்ச் 15 பரீட்சைக்கு மறுபடி பெயர் கொடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 9

வெள்ளவத்தையில் வகுப்பு. எல்லாம் மீசை முளைக்காத பிள்ளைகள். நடுவில் நான், நோவாவின் பேழையில் தப்பி வந்தவன் மாதிரி. படிப்பிக்கும் ஸமீமா மிஸ்ஸுக்கு, எனக்கொரு மகள் இருந்தால் அவள் வயதுதான் இருக்கும். நேராக வந்து என் பேனையைப் பிடுங்கினார்.

"அங்கிள், நீங்க கேக்கல்ல, எழுதுறீங்க. வசனம் வேணாம். ஒரு சொல்லு, ஒரு படம், ஒரு அம்புக்குறி. மிச்சத்த மனசு பாத்துக்கும்."

"மனச பிறிஜெற்றிட்ட குடுத்துக் கனகாலம், மிஸ்."

வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. கசெற் முடியும்வரை பேனையையும் தரவில்லை.

பெப்ரவரி 13

குறிப்புக் கொப்பியில் என் சொந்தக் குறிகள் பிறந்துவிட்டன. "ஆனால்" என்றால் மீன்முள். முக்கியமானதென்றால் கிரீடம். ஆட்களுக்குக் குச்சி மனிதர். நேரத்துக்கு மட்டும் இலக்கம். பழைய எகிப்துக்காரர் இதைப் பார்த்திருந்தால் வெட்கத்தில் தங்கள் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடித்திருப்பார்கள்.

பிறிஜெற் எட்டிப் பார்த்தாள். "இதென்ன, பேயோட்டுறவன்ர கொப்பி மாதிரிக் கிடக்கு."

பெப்ரவரி 20

இன்று ஒரு முழு வசனம்கூட எழுதவில்லை. குடியை விட்டவன் போத்தலைப் பார்ப்பது போல பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 24, ஞாயிறு

குறிப்புக் கொப்பியைக் கொண்டு போய்விட்டார்கள். என்னையும்தான். என்னைத் திருப்பி விட்டுவிட்டார்கள். கொப்பியை இல்லை. இப்போது எழுத முடியாது.

பெப்ரவரி 25

இப்போது முடியும்.

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து காற்சட்டைகூட மாற்றவில்லை, அதற்குள் பொலிஸ் வந்து கதவைத் தட்டியது. இந்த மாதத் தொடக்கத்தில் நகரத்தில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் ஒழுங்கையில் எல்லாத் தமிழ் வீட்டையும்தான் தட்டுகிறார்கள். அரிசி வாளிக்குள்ளும் கை விட்டார்கள். மேசையில் கொப்பி விரித்தபடி கிடந்தது. ஒரு பாலம். பாலத்தை நோக்கி அம்பு. வரிசையாகக் குச்சி மனிதர். இரண்டு பை. 10.30. மேலே ஒரு கிரீடம்.

பயிற்சிக் கசெற்றில் வெள்ளைக்காரி சொல்லும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் செம்மறி ஆட்டுப் பண்ணை பார்க்கப் போகும் கதை அது. பத்தரைக்குப் பாலத்தடியில் சந்திப்பு. பைகளில் சாப்பாடு. இன்ஸ்பெக்டருக்கு எங்கே ஆடு தெரியப்போகிறது?

பொலிஸ் நிலையத்தில் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் ஆங்கிலத்தில் சொன்னேன். வெள்ளைக்காரி இருமிய இடத்தில் நானும் இருமினேன். பிறிஜெற் கசெற்றோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். கான்ஸ்டபிளின் கசெற் ரேடியோவில் போட்டுக் கேட்டார்கள். எல்லாம் சரி. இன்ஸ்பெக்டரின் முகம்தான் வாடிப்போனது.

பிறகு சிங்களத்தில் என் வாக்குமூலத்தை எழுதினார். தாளைத் தள்ளி, "அத்சன" என்றார். கையெழுத்து. எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. எங்கள் ஆட்கள் எல்லோரும் வாசிக்காமலே போட்டுவிட்டுப் போகிற கையெழுத்துத்தான்.

"போட்டுட்டு வாங்கோ, வீட்ட போவம்," பிறிஜெற் என் சட்டைக் கையை இழுத்தாள்.

கை போகவில்லை. ஏன்? தெரியாது. "வாசிச்சுக் காட்டுங்க, மஹத்தயா," என்றேன் சிங்களத்தில்.

"ஒருக்காத்தான் வாசிப்பன்."

ஒருக்காவா! அதற்குத்தானே ஐயா நான் வாரக்கணக்காகச் சாகிறேன்!

சட்டைப் பைக்குள் காலையில் தேவாலயத்தில் கொடுத்த பூசைத் தாள் இருந்தது. அதன் பின்பக்கத்தில் குறிக்கத் தொடங்கினேன். அவர் பந்தயக் குதிரை மாதிரி வாசித்தார். என் பேனை பின்னாலேயே ஓடியது. முடிந்ததும் தாளைப் பார்த்தேன். இரண்டு பை, பக்கத்தில் நிற்கும் குச்சி மனிதன் நான். பாலத்தடியிலும் நான்தான் நிற்கிறேன்.

"பை ரெண்டும் என்ர எண்டு எழுதியிருக்கு. பிள்ளையளின்ர எண்டுதான் சொன்னனான். பாலத்துக்குப் போறதும் நானில்ல, அவையள்."

"அது சின்ன விஷயம்."

"சின்ன விஷயம் எண்டா திருத்துறதும் சின்ன வேலைதானே, மஹத்தயா."

அவர் என்னைப் பார்த்தார். பூசைத் தாளைப் பார்த்தார். பிறகு வெட்டித் திருத்தினார். திருத்திய வரிகளை மறுபடி வாசிக்க வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

பெப்ரவரி 26

பிறிஜெற்றின் கட்டளை: "இனி இந்த வீட்டில ஒரு படமும் கீறக் கூடாது. காதால மட்டும் கேளுங்கோ. உங்களுக்கு ஒண்டு நடந்தா நான் ஆரிட்டப் போறது?" சொல்லிவிட்டு அழுதாள்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மத்தியானம் புறக்கோட்டைக்குப் போய், கடையிலேயே பெரிய கொப்பியாகப் பார்த்து வாங்கினேன். பயந்து காதை மட்டும் தீட்டினால் நாலரைதான் வரும். முதல் பக்கத்தில் கிரீடம் கீறினேன். பாலமும் கீறினேன். வேண்டுமென்றுதான்.

மார்ச் 15

வழியில் சோதனைச் சாவடி. "பேனை எதுக்கு?" என்று கேட்டான் ஒரு பொடியன். "உலகத்தைப் பிடிக்க," என்றேன், மனதுக்குள். வெளியே, "எக்ஸாம், மல்லி," என்றேன். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

கசெற்றில் தேனீ வளர்ப்பு. ஒரு தரம்தான் போட்டார்கள். போதும்.

மார்ச் 28

லிஸனிங் – 7. கிரீடம்.

பிறிஜெற் – கத்தல், கண்ணீர், றால் பொரியல்.

றேமண்ட் – போனில் "அத்தான்" மட்டும்.

ஸமீமா மிஸ் – சிரித்தார், முதல் தரம்.

மீன்முள்: பழைய கொப்பி இன்னும் பொலிசில். நாளை 10.30க்குப் போய்க் கேட்பேன்.