டபுள் விசில்

ஜூன் 3
பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் உலாத்தல். டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்: "தினமும் நடக்க வைங்கம்மா. நடந்தாத்தான் தூக்கம் வரும், தூங்கினாத்தான் மனசு கொஞ்சம் தெளியும். மறதிய நிறுத்த முடியாது. இந்தச் சோர்வையாவது குறைக்கலாம்." சொல்வது சுலபம். என் வீட்டுக்காரரைக் கட்டிலிலிருந்து கிளப்புவதற்குள் என் உயிர் போய்விடுகிறது. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார். இப்படியே விட்டால் ஒருநாள் எழுந்திருக்கவே மாட்டாரோ?

ஜூன் 5
கெஞ்சினேன், அதட்டினேன். "என்னை விட்டுடுங்க" என்று அழுதார். நானும் அழுதேன்.

ஜூன் 8
பீரோவில் என் பழைய விசில் கிடைத்தது. அவர் டிரைவர், நான் அதே பஸ்ஸில் கண்டக்டர் — எங்கள் கல்யாணமே அந்த பஸ்ஸில் முடிவானதுதான். ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும், டபுள் விசில் என்றால் கிளம்ப வேண்டும். சும்மா ரெண்டு தரம் ஊதிப் பார்த்தேன். எழுந்து செருப்பைத் தேடுகிறார் மனுஷன்! தெருமுனை வரை நடந்தோம்.

"என்ன கண்டக்டரம்மா, இன்னைக்குக் கூட்டமே இல்ல?" என்றார். நான் மனைவி என்பது மறந்துவிட்டது. போகட்டும்.

ஜூன் 15
தினமும் நடக்கிறார். நேற்று விடியும்வரை தூங்கினார். நானும்.

ஜூன் 19
பாவி நான். நடந்து திரும்பியதும் வாசலில் ஒரு விசில் ஊதி அவரை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்ததும் டபுள் விசில் கொடுப்பது வழக்கம். இன்று கதவைத் திறக்கும்போது அக்கா போன் பண்ணினாள். பேசிக்கொண்டே உள்ளே போயிட்டேன். மறந்தே போச்சு. வெளியே வந்து பார்த்தா, கொட்டுற மழையில அப்படியே நிக்கிறார்! பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டும் அசையலையாம். "நீங்க இன்னும் விசில் குடுக்கலையே" என்கிறார், பல் கிடுகிடுக்க. யாருக்கு மறதி, அவருக்கா எனக்கா?

ஜூன் 25
காய்ச்சல் விட்டது. அவர் கட்டிலை விடவில்லை.

ஜூன் 30
டபுள் விசில் ஊதினேன். மறுபடியும், மறுபடியும். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"வண்டி இனிமே நகராது கண்டக்டரம்மா. ஆளுங்கள எறக்கி, பின்னால வர்ற வண்டியில ஏத்தி விட்டுடுங்க. நீங்களும் அதுலயே போயிடுங்க. வீட்ல தேடுவாங்க."

என்னை யார் தேடுவது? தேட வேண்டியவர் இதோ படுத்திருக்கிறார்.

"எல்லாரையும் ஏத்தி விட்டாச்சு. நான் போகல," என்றேன். "வண்டி பிரேக் டவுன் ஆனா கண்டக்டர் டிரைவரோடதானே இருக்கணும்?"

கொஞ்சம் யோசித்தார். "ஆமா. ரூல்ஸ் அதுதான்."

சுவரோரம் நகர்ந்து இடம் கொடுத்தார். விசிலைப் பீரோவில் வைத்துவிட்டு நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அப்போது பகல் பதினொரு மணிதான்.