ஊலிபீக்கா கேட்ட பெயர்

அன்புள்ள அலூக்கிக்கு,

நானும் வீடும் இருக்கிறோம். நீ கொஞ்சமாவது சாப்பிடுகிறாயா?

உன் டாக்டர் தொலைபேசியில் பேசினார். விடிந்ததும் நீ ஜன்னலருகே போய், காற்று எந்தப் பக்கம் என்று எல்லோரையும் கேட்கிறாயாம். அதையும் நோயோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் எழுந்ததும் எல்லோரும் கேட்பதுதான் என்றேன். அங்கே ஜன்னலைத் திறக்கவே முடியாதாமே. இன்று இங்கே வடக்குக் காற்று.

நம் பையன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட பிறகு எனக்கு வீட்டுக்குள் மூச்சு முட்டியது. நர்ஸ் வந்து, "மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் வரவில்லை. போன வாரம் பனிவண்டியில், நாம் கூடாரம் போடும் விரிகுடாவுக்குப் போனேன். பனிமேல் ஒரு கடல்நாய் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே குப்புறப் படுத்து அழுதேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது. உன்னையும் அங்கேதான் கூட்டிப்போக வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்காமல் உன்னைத் தெற்கே ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

உன் தங்கை ஊலிபீக்காவுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். ஓயாமல் அழுகிறாள். "பேருக்குத்தான் அழறா அத்தான். நம்ம வழக்கப்படி போனவங்க பேரத்தான் கேக்குறா. யாரு பேருன்னு உங்களுக்கே தெரியும். அவன மாதிரியே பிடிவாதம்" என்றாள் ஊலிபீக்கா. அந்தப் பெயரோடு அவன் துக்கமும் வந்துவிடுமோ என்று அவள் புருஷனுக்குப் பயம். அதற்கு அவள், "வந்தா வரட்டும். இந்தத் தடவ நாம கூடவே இருப்போம்" என்றாள். எனக்கு வெளியே எழுந்து போக வேண்டியதாகிவிட்டது.

ஆனாலும், "அக்கா வாயால சொல்லணும், இல்லாட்டி வேண்டாம்" என்கிறாள். பெயரைக் கொடுத்துவிட்டால் அவன் போனது உறுதியாகிவிடும் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. குழந்தையைத் தூக்கினேன். வாய் தவறி, "மகனே" என்றுவிட்டேன். அவள் அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் எனக்கு அவளைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன்னைக் கூப்பிடுவோம். தொலைபேசியைக் குழந்தையின் காதருகே வைத்திருப்போம். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும். பேச வராவிட்டாலும் வைத்துவிடாதே அலூக்கி. நீ மூச்சுவிடுவதையாவது நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீ நல்லபடியாக எங்களிடம் வந்து சேர வேண்டிக்கொண்டிருக்கும்,
ஜெய்பெட்டி